இஞ்ஞாசிக்குக் குழி

எங்கள் தோட்டத்தில் வெட்டு என்றால் வேலை. 'நாளைக்கு வெட்டு உண்டா?' என்று ஒருவன் கேட்டால், செம்பனைக் குலை வெட்டும் வேலையில் தன் பெயர் இருக்கிறதா என்று கேட்கிறான். ரப்பர் மரம் இருந்த காலத்தில் பால்வெட்டுக்குச் சொன்ன சொல், மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்ட பிறகும் அப்படியே நின்றுவிட்டது. 'அவனுக்கு வெட்டு குடுத்துட்டாங்க' என்பது அங்கே கலியாணச் செய்தி மாதிரி.

நான் சிலோன் வழி வந்தவன். பெயர் தர்மலிங்கம். அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது, டிரஸ்ஸரய்யா என்றால்தான் தெரியும். ஈஜோக்கிலிருந்து உள்ளே போகும் மண்சாலையின் கடைசியில் இருந்தது தோட்டம். அங்கே மருந்துக்கொட்டகைக்கு நான் வந்த புதிதில் ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்து, "எந்தம்பிக்கு வெட்டுங்கய்யா" என்றாள். நான் கட்டுத்துணிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தம்பிக்காரன் வாசலில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நாளைக்கு, கூலிக்காரர் வீடுகள் வரிசையாய் நின்ற லயமே என்னைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும். அதே சொல் எண்பத்து நாலாம் வருஷம் மதலேனம்மாளை ஏமாற்றியது. அதை நினைத்தால்தான் இன்றும் எனக்கு வயிறெரிகிறது.

மதலேனம்மாளின் புருஷன் ராயப்பன். குலை வெட்டும் ஆள், அதோடு கோயில்பிள்ளை. லயத்தின் கோடியில் தகரம் வேய்ந்த பலகைக் கோயில் ஒன்று இருந்தது. சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறு கோலா சிலாங்கூரிலிருந்து வந்து பூசை வைப்பார். கூட்டுவது, மணி அடிப்பது, செபமாலை சொல்லவைப்பது, செத்தவர்களைக் குளிப்பாட்டுவது, குழி வெட்டுவது எல்லாம் ராயப்பன் தலையில்தான். பதினெட்டு வருஷம் அப்படிச் செய்தார். கூலி கிடையாது. கிறிஸ்மஸுக்குச் சாமியார் கொடுக்கும் பிஸ்கோத்து டின்னைக்கூடக் கோயில் வாசலிலேயே பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு வெறும் டின்னோடு வீட்டுக்குப் போவார்.

நான் கேலி செய்வேன். "இளகின இரும்பைக் கண்டா கொல்லன் ஓங்கி ஓங்கி அடிப்பானாம். உம்மட கடவுளும் அப்பிடித்தான் ராயப்பன்."

"அடிக்கட்டும்யா. அவரு பட்டறை, அவரு இரும்பு" என்பார். அவருக்கு என் மேல் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. கோபம் வராத மனிதர்களோடு எனக்கு எப்போதுமே ஒத்துப்போவதில்லை. ஆனாலும் சாயங்காலமானால் அவர் வீட்டு வாசலில்தான் போய் நிற்பேன்.

மதலேனம்மாள் வேறு மாதிரி. அவள் மருந்தடிக்கிற வேலைக்குப் போனவள். முதுகில் பம்பைச் சுமந்து புல்லுக்கு மருந்தடித்து அடித்து நகமெல்லாம் கறுத்து உதிர்ந்து, கையால் சோறு பிசையவே எரிச்சலாக இருக்கும். மகன் சவரியும் அதே வேலைதான். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை கிழவனைப்போல இருமினான். அவனை எப்படியாவது குலை வெட்டுக்கு மாற்றிவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. வேலைக்கு ஆள் பிரிக்கும் மண்டோர் ரெங்கசாமியிடம் கேட்டுப் பார்த்தாள். ஆள் நிறைந்துவிட்டது என்றான். அதற்கு மேல் சவேரியாருக்கு ஒன்பது நாள் செபம் வைத்தாள்.

"எம்புருசன் சும்மா செய்யிறாரு, சரி. அதுக்காக நானும் சும்மா இருக்கணுமா?" என்று என்னிடமே சொன்னாள். "அவரு செய்யிறாரு, நான் கேக்குறேன். வீட்டுக்கு ஒரு ஆளாவது வாயத் தொறந்து கேக்கணும்ல டிரஸ்ஸரய்யா."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

இனி இஞ்ஞாசி. அதே லயத்தில் பிறந்தவன். சின்னத்தாய் என்ற விதவையின் ஒரே பிள்ளை. சம்சு விற்றான். சம்சு என்றால் கள்ளச் சாராயம், குடித்தவர்களில் பாதிப் பேர் என் கொட்டகைக்குத்தான் வருவார்கள். வெளியூர் லோரியில் வரும் சரக்கை இவன் தோட்டத்தில் இறக்கிக்கொள்வான். கேட்டவனை அடிப்பான். தலை உடைந்தும் பல் போயும் விலா எலும்பு விட்டுப்போயும் வந்தவர்களிடம் நான் யார் அடித்தது என்று கேட்பதையே நிறுத்திவிட்டேன். எல்லாரும் வழுக்கி விழுந்தவர்கள்.

கோயில் தரை கட்டைக்கால் மேல் நிற்கும் பலகைத் தரை. அடியில் ஆள் தவழ்ந்து போகலாம். இஞ்ஞாசி அங்கே சம்சு டின்களை அடுக்கிவைத்தான். போலீசு கோயிலுக்கு அடியில் பார்க்காது என்பது அவன் கணக்கு. ராயப்பன் எடுத்துவிடச் சொல்லிக் கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே அவரைத் தள்ளிவிட்டான். சவரிக்கு அது பொறுக்கவில்லை. கடப்பாரையால் டின்களையெல்லாம் குத்தி ஓட்டை போட்டான். கோயிலைச் சுற்றி அன்று முழுக்கச் சாராய நாற்றம்.

மறுநாள் உச்சிப்பொழுதில், மருந்தடித்துவிட்டு வாய்க்காலில் முகம் கழுவிக்கொண்டிருந்த சவரியை இஞ்ஞாசி பாராங் கத்தியால் வெட்டினான். முதல் வெட்டு கழுத்துக்கு வந்தது. சவரி வலது கையைத் தூக்கித் தடுத்தான். கத்தி மணிக்கட்டுக்குக் கீழே இறங்கி எலும்பில் நின்றது. அதைப் பிடுங்கி இரண்டாவது தடவை வெட்டினான். அதற்குள் ஆட்கள் சத்தம் போட, செம்பனைக்குள் நுழைந்து ஓடிவிட்டான்.

பக்கத்து நிரையில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த வேலம்மாதான் மதலேனம்மாளைத் தேடி ஓடினாள். அரை மைல் ஓட்டம். வேலம்மாவுக்கு வாயில் சொல் வரவில்லை.

"அக்கா, சவரிக்கு வெட்டு" என்றாள். மூச்சு வாங்கினாள்.

மதலேனம்மாள் பம்பை இறக்கிவைத்தாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "சேசுவுக்குத் தோத்திரம். கேட்டதக் குடுத்துட்டாரு" என்றாள். பக்கத்தில் நின்றவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். அதற்குப் பிறகுதான் வேலம்மாவின் சேலையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள்.

சவரியைத் தட்டுவண்டியில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார்கள். கை தொங்கியது. நான் இறுக்கிக் கட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு லோரியில் ஏற்றும்போது மதலேனம்மாள் வந்து சேர்ந்தாள். பிள்ளையைத் தொடக்கூட இல்லை. தன் வாயில் தானே குத்திக்கொண்டாள்.

"இந்த வாயாலதான் சொன்னேன். இந்த வாயாலதான் தோத்திரம் சொன்னேன்."

உதடு கிழிந்து பல்லெல்லாம் ரத்தம். ராயப்பன் அவள் கையைப் பிடிக்கப் பார்த்தார், அவரையும் குத்தினாள். அவள் உதட்டுக்கும் நான்தான் மருந்து போட்டேன்.

கையைத் தைத்து அனுப்பினார்கள். கை இருந்தது, பிடி இல்லை. நாலு விரலும் விறைத்து நின்றன, மடங்காது. சோற்றை அள்ளலாம், ஒரு கம்பைப் பிடிக்க முடியாது. போலீசு வந்து விசாரித்தது. வாய்க்காலில் நின்ற அத்தனை பேரும் அன்றைக்குப் பார்த்து முகம் கழுவக் குனிந்திருந்தார்களாம். இஞ்ஞாசி கெர்லிங் பக்கம் ஒளிந்திருந்து, மழைக்காலம் முடிந்ததும் திரும்பி வந்தான். சவரியின் வாசல் வழியாகவே நடந்து போனான்.

ராயப்பன் ஒரு நாளும் மணி அடிப்பதை நிறுத்தவில்லை. மதலேனம்மாள் கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். மணிச் சத்தம் கேட்டால் சவரி இடது கையால் தட்டை எடுத்துச் சுவரில் அடிப்பான். ஒருநாள் அது தகப்பன் முகத்திலேயே பட்டது. கன்னத்தில் தையல் போட்டுக்கொண்டே நான் கத்தினேன்.

"உமக்கென்ன விசரோ? பிள்ளையின்ர கை போயிட்டுது. இன்னும் போய்க் கூட்டுறீர். உம்மட கடவுள் உமக்கு என்ன தந்தவர்?"

"நான் என்னய்யா கேட்டேன் அவருகிட்ட?"

அடுப்படியிலிருந்து மதலேனம்மாள் வந்தாள். "நீங்க கேக்கல. நான் கேட்டேன். ஒவ்வொரு மணிக்கும் நான் கேட்டேன். வெட்டு வேணும்னு கேட்டேன், குடுத்தாரு. இப்ப ஒண்ணுமே கேக்குறதில்ல. கேட்டா குடுத்துடுவாரோன்னு பயமா இருக்கு."

ராயப்பன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அது கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

பிறகு இஞ்ஞாசி செத்தான். கடவுள் கொன்றார் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். கொன்றது அவனுக்குச் சரக்குக் கொடுத்த லோரிக்காரர்கள்தான். ஏதோ ஏமாற்று. கள்ளுக்கடை வாசலில், பட்டப்பகலில், மூன்று பேர் அவனைச் சுற்றி நின்று விறகு பிளப்பதுபோல வெட்டினார்கள். அவன் கடைக்குள் ஓடப் பார்த்தான். உள்ளே இருந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் போய்ச் சேரும்போது ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. தைப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்து, பலகைப் பெட்டியில் வைத்து, வேனில் கொண்டுவந்து சின்னத்தாய் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். ஒரு சனம் எட்டிப் பார்க்கவில்லை. அவன் கையால் அடிபடாத வீடு லயத்தில் இல்லை. சாமியார் வேறு ஊருக்குப் போயிருந்தார், வர ஒரு வாரம் ஆகும். வெயிலோ மண்டையைப் பிளந்தது. பெட்டி அதுவரை தாங்காது.

மறுநாள் மத்தியானம் நான் ராயப்பன் வீட்டில் இருந்தேன். சவரியின் விரல்களை வெந்நீரில் வைத்து நீவிவிட்டுக்கொண்டிருந்தேன். ராயப்பன் சோறும் நெத்திலிச் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மதலேனம்மாள் இரண்டாவது உலைச் சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். சின்னத்தாய் வாசலில் வந்து நின்றாள்.

"ராயப்பண்ணே" என்றாள். என்ன கேட்க வந்தாள் என்று எல்லாருக்கும் தெரியும்.

மதலேனம்மாள் வடித்த கஞ்சியைச் சட்டியோடு தூக்கி வீசினாள். கொதிக்கிற கஞ்சி சின்னத்தாயின் முழங்காலிலிருந்து பாதம்வரை கொட்டியது. அவள் அலறவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். தோல் என் கண்ணெதிரே சுருண்டது.

"எம்புள்ள கைய எடுத்தவன் ஒம்புள்ள. எம்புருசன் கைய எதுக்குடி கேக்க வந்த?" என்றாள் மதலேனம்மாள்.

நான் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி சின்னத்தாயின் காலில் ஊற்றினேன். திரும்பிப் பார்த்தால் ராயப்பன் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு மூலையில் இருந்த மண்வெட்டியை எடுத்திருந்தார்.

"நீங்க வாசல தாண்டுனா திரும்பி வராதீங்க" என்றாள் மதலேனம்மாள்.

"ஞானஸ்நானம் வாங்குனவன் மதலேன். நாயாட்டம் போட முடியாது."

"நாய்தான்."

"இருக்கட்டும். குழி வெட்டுறது என் வேல. யாருக்குன்னு பாத்து வெட்டுறதுன்னா நான் எதுக்கு, மண்டோர் ரெங்கசாமியே போதும்." அவர் சவரியைப் பார்த்தார். சவரி வெந்நீர்ச் சட்டிக்குள்ளிருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் ஏன் கூடப் போனேன் என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. திட்டிக்கொண்டேதான் போனேன். பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி நானும் அவரும் தள்ள, சின்னத்தாய் வெந்த காலில் வாழையிலையைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். கதவுகளெல்லாம் சாத்தியிருந்தன. ஒரு வீட்டிலிருந்து கல் வந்து பெட்டியில் விழுந்தது. இன்னொன்று ராயப்பன் முதுகில் பட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கல்லறை நிலம் வாய்க்கால் ஓரம். அந்தப் பக்கமெல்லாம் களிமண். இடுப்பளவு வெட்டினால் தண்ணீர் ஊறும். ஒருவர் வெட்ட, ஒருவர் இறைக்க வேண்டும். அவர் குழிக்குள் நின்று வெட்ட, நான் மேலே குந்திக்கொண்டு வாளியில் இறைத்தேன். படித்த படிப்புக்கு நல்ல வேலை. கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் குழி குளமாகிவிடும்.

அப்போதுதான் சவரி வந்தான். இடது கையில் பாராங் இருந்தது. கொஞ்சத் தூரம் பின்னால் மதலேனம்மாள் தலைவிரி கோலமாக ஓடிவந்துகொண்டிருந்தாள்.

"மேல வா" என்றான் தகப்பனைப் பார்த்து. நீங்க என்ற மரியாதையெல்லாம் போயிருந்தது.

"முடிச்சுட்டு வர்றேன் சவரி."

"அவன் என் கைய எடுத்தவன்."

"தெரியும்பா. தெரியாமலா வெட்டுறேன்."

"நான் ஒனக்குப் புள்ளயா, அவன் புள்ளயா?"

"நீதான். வேற யாரு." ராயப்பன் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

அந்தக் குனிதல்தான் அவனை வெறியாக்கியிருக்க வேண்டும். பாராங்கை ஓங்கினான். நான் வாளியை அவன் மேல் எறிந்தேன், அது எங்கேயோ போய் விழுந்தது. பழக்கமில்லாத இடது கை. கத்தி கழுத்துக்கு வராமல் வலது தோளில் இறங்கியது. ராயப்பன் குழியின் மண்சுவரில் சாய்ந்தார். ரத்தம் சேற்றுத் தண்ணீரில் விழுந்து பரவியது. சவரி கத்தியை விட்டுவிட்டான். அது தோளிலேயே ஒரு நொடி நின்று பிறகு விழுந்தது.

நான் குழிக்குள் குதித்தேன். என் வேட்டியைக் கிழித்து அடைத்துக் கட்டினேன். எலும்பு தெரிந்தது, ஆனால் உடையவில்லை.

"மேல ஏறும் ராயப்பன். கொட்டகைக்குப் போவம். ரத்தம் நிக்குதில்லை."

"இன்னும் ஒரு சாண் ஆழம் வேணும்யா."

"செத்துப்போவீர்."

"பெட்டிய எறக்கிட்டுப் போவலாம்." இடது கையால் மண்வெட்டியை எடுத்தார். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகைதான். அவர் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கி அந்த ஒரு சாணை நான் வெட்டினேன்.

மதலேனம்மாள் வந்து சேர்ந்தவள் முதலில் சவரியை அறைந்தாள். பிறகு மறுபடி அறைந்தாள். அவன் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாங்கிக்கொண்டான். அவள் குழிக்குள் எட்டிப் பார்த்துப் புருஷன் கட்டின் மேல் ரத்தம் ஊறுவதைக் கண்டாள்.

"வாங்க போவலாம்" என்றாள்.

"எறக்கிட்டு வர்றேன் மதலேன்."

அவளுக்கு அவரைத் தெரியும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். "இந்த மனுசன் இத முடிக்காம வரமாட்டாரு. முடிச்சுத் தொலைங்க. ஏய் சின்னத்தாயி, கயித்தப் புடி."

இரண்டு கயிறு, நாலு முனை. ராயப்பன் மேலே ஏறி ஒரு முனையைப் பிடிக்கப் பார்த்தார், முடியாமல் குழி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். நான், சின்னத்தாய், மதலேனம்மாள், மூன்று பேர்தான். நாலாவது முனை சேற்றில் கிடந்தது. மழை விழ ஆரம்பித்துவிட்டது.

"ஒங்கப்பன வெட்டுன கையத்தான் கேக்குறேன். புடிடா" என்றாள் மதலேனம்மாள்.

சவரி கயிற்றை எடுத்தான். அழுதுகொண்டிருந்தானா மழையா என்று தெரியவில்லை. இடது கையால் பிடித்து, வலது கையில் சுற்றிக்கொள்ளப் பார்த்தான். பெட்டியைக் குழிக்கு மேல் கொண்டுவந்து இறக்கினோம். பாதி இறங்கியிருக்கும். கயிறு நனைந்து வழுக்கியது. இடது கை மாற்றிப் பிடிக்க வேண்டிய நேரத்தில் வலது கைதான் பாரத்தைத் தாங்க வேண்டும். அந்த விரல்கள் மடங்கவில்லை. கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து, தலைப்பக்கமாகத் தண்ணீரில் போய் விழுந்தது. உள்ளே உடம்பு உருண்டு பலகையில் மோதிய சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

கஞ்சி கொட்டியபோதுகூட அலறாத சின்னத்தாய் அப்போதுதான் கத்தினாள். வயிற்றில் அறைந்துகொண்டு கத்தினாள்.

நான் சவரியைப் பார்த்தேன். அவன் சிரித்திருந்தாலும் நான் குற்றம் சொல்லியிருக்க மாட்டேன். அந்தப் பிடியை எடுத்தவன் அதே பிடி இல்லாததால் தலைகீழாகக் கிடக்கிறான், இதைவிட என்ன நியாயம் வேண்டும்? ஆனால் சவரி தன் தோலுரிந்த உள்ளங்கையைப் பார்த்தான், சின்னத்தாயைப் பார்த்தான், குழிக்குள் குதித்தான்.

இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு இஞ்ஞாசியைத் திட்டத் தொடங்கினான். அவன் பிறப்பைத் திட்டினான், சாவைத் திட்டினான், நான் இங்கே எழுத முடியாத சொற்களையெல்லாம் பெட்டியைப் பார்த்துச் சொன்னான். சொல்லிக்கொண்டே தோளைக் கொடுத்துப் பெட்டியை நிமிர்த்தினான். காலால் மிதித்துக் கால்பக்கத்தை இறக்கினான். அப்புறம் தகப்பனை அண்ணாந்து பார்த்தான்.

"அப்பா, நான் மன்னிச்சு எறங்கல. கேட்டுக்குங்க. இவன மன்னிக்கவே மாட்டேன்."

ராயப்பன் குழி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. மழைத்தண்ணீர் அவர் தோளைக் கழுவிக்கொண்டு குழிக்குள்ளேயே ஓடியது.

"ஒன்ன யாருடா மன்னிக்கச் சொன்னா" என்றார். "தலமாட்டக் கொஞ்சம் தூக்கு. தண்ணிக்குள்ள கெடக்கு."

சவரி குனிந்து, மடங்காத கையைப் பெட்டிக்கு அடியில் கொடுத்துத் தூக்கினான்.